கடையை மூடும் நேரத்தைவிடத் திறக்கும் நேரத்தைக் கேளுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது. பெரிய நகரங்களில் பார்களையும் நைட் கிளப்புகளையும் சீக்கிரம் மூட வேண்டும் என்று பேச்சு ஓடுகிறது. அதைப் பார்த்து உங்கள் ஊரிலும் டாஸ்மாக் கடையையும் அதை ஒட்டிய பாரையும் இரவு பத்துக்குப் பதில் எட்டு மணிக்கே மூடச் சொல்லி ஒரு மனு தயாராகிறது. வெளிநாடுகளில் இப்படிச் செய்து பலன் கிடைத்திருக்கிறதா, நம் ராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்குமா, கையெழுத்துப் போடலாமா?

போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன்னால் மனுவில் ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். மூடும் நேரத்தை முன்னால் இழுப்பதைவிட, பகல் 12 மணிக்குத் திறக்கும் கடையைச் சாயங்காலம் திறக்கச் சொல்லிக் கேட்பதுதான் நம் கரைக்குப் பொருந்தும். அது ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். நான் தங்கச்சிமடம் பக்கத்துக்காரி. மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. குடி ஒரு வீட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதைத் தவணைப் புத்தகம் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவள்.

முதலில் வெளிநாட்டுக் கதை. மூடும் நேரத்தைக் குறைத்தால் அடிதடி குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் நியூகாசில் என்ற துறைமுக நகரம். அங்கே விடியற்காலை 5 மணிவரை திறந்திருந்த மதுக்கூடங்களை 2008 மார்ச்சில் 3 மணிக்கே மூட வைத்தார்கள். சில மாதம் கழித்து அது மூன்றரை ஆனது. அதோடு ஒரு மணிக்குமேல் புதிதாக யாரையும் உள்ளே விடக்கூடாது என்றும் விதி போட்டார்கள், அதுவும் பிறகு ஒன்றரை ஆனது. பக்கத்திலேயே இருந்த, இந்த விதி இல்லாத பகுதியோடு ஒப்பிட்டால், இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன. நார்வேயில் 18 நகரங்களை எடுத்துப் பத்து ஆண்டு விவரத்தைப் பார்த்தபோது, மூடும் நேரம் ஒரு மணி நேரம் கூடினால் தாக்குதல்கள் சுமார் 16 சதவீதம் கூடின, குறைத்தால் அதே அளவு குறைந்தன. பிரேசிலில் தியாதெமா என்ற ஊர், சாவ் பாவ்லோவை ஒட்டியது, தொழிலாளர்கள் நிறைந்தது. 2002 ஜூலையில் இரவு 11 முதல் காலை 6 வரை மது விற்கக்கூடாது என்று உள்ளூர்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மாதத்துக்கு ஒன்பது கொலை வரை தவிர்க்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சிட்னியின் கதை கொஞ்சம் வேறு. வெவ்வேறு சமயத்தில் இரண்டு இளைஞர்கள் ஆளுக்கு ஒரே குத்து வாங்கி இறந்துபோன ஆத்திரத்தில் 2014 பிப்ரவரியில், இரவு ஒன்றரைக்குமேல் யாரும் உள்ளே போகக்கூடாது, மூன்று மணிக்கு விற்பனை நிற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. கிங்ஸ் கிராஸ் பகுதியில் அடிதடி நன்றாகவே குறைந்தது. ஆனால் இசைக்கூடங்கள் மூடின, இரவு வேலை பார்த்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள், கொஞ்சம் சண்டை வேறு பகுதிகளுக்குப் போனது. எதிர்ப்பு வலுத்து, 2020 ஜனவரியில் நகர மையத்திலும் 2021 மார்ச்சில் கிங்ஸ் கிராஸிலும் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். இதில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு என்றாலும், ஒரு உயிருக்கும் ஒரு கச்சேரிக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இந்த ஆய்வுகள் எல்லாம் பேசுவது நடு இரவுக்கு அப்பால் உள்ள நேரத்தை. தெருவில், முன்பின் தெரியாதவர்கள் இடையே நடக்கும் சண்டையை. நம் கரையில் நைட் கிளப் கிடையாது. ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு வரிசையில் நிற்க வந்தவர்கள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறார்கள். கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி, எங்கே போனாலும் இரவு பத்துக்குமேல் தெருவில் நாய்தான் திரியும். ஆகவே நைட் கிளப் பற்றிய விவாதத்தைச் சென்னைக்காரர்களிடமே விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது நம் கரையின் கடிகாரம்.

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது? ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என வாரத்துக்கு மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. மீன்துறை டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் புறப்பட்ட படகு மறுநாள் காலையில் கரைக்குத் திரும்பும். அதாவது காசு புழங்குகிற நாள் செவ்வாய், வியாழன், ஞாயிறு. படகு வந்ததும் இறாலைத் தரம் பிரித்து, நண்டையும் கணவாயையும் தனியாக எடுத்து, சங்காயம் என்கிற கழிவு மீனைக் கூடையில் தள்ளி, கம்பெனி வண்டிக்கு எடை போட்டுவிட்டு, சம்மாட்டி (படகு முதலாளி) நோட்டை விரித்து உட்காருவார். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழியும். மிச்சத்தில் ஆளுக்குரியது கையில் வரும்போது மணி பதினொன்று, பதினொன்றரை ஆகும். பாடு, அதாவது கிடைத்த மீன், நன்றாக இருந்தால் முகத்தில் தெரியும், இல்லாவிட்டாலும் தெரியும்.

அந்த ஆள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. வலை மடி இழுத்த கை எரிகிறது. இலங்கைக் கடற்படை வருமோ என்ற பயத்தில் விழித்தே கிடந்த உடம்பு. வெறும் வயிறு. சட்டைப்பையில் காசு. அரை மணி நேரத்தில் கடை திறக்கப்போகிறது. வீடு எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் கடையும்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், பெயர் வேண்டாம். காசு நாளில் பத்தரை மணிக்கே தூக்குவாளியில் சோறும் மீன்குழம்பும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவாள். வலை குவித்துக் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து, கணக்கு முடிந்து வருகிற புருஷனைக் கையோடு உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வாள். அவர் பிசைந்து சாப்பிடும்போது சட்டைப்பையில் கைவிட்டுத் தவணைக்கும் அரிசிக்கும் எடுத்துக்கொண்டு, டீச்செலவுக்கு என்று கொஞ்சத்தைத் திரும்ப வைப்பாள். யாரும் யாரையும் திட்டுவதில்லை. சாப்பிட்ட வயிறு தூக்கத்தைத் தேடும், அவர் வீட்டுக்குப் போய்ச் சாயங்காலம்வரை தூங்குவார். எழுந்த பிறகு கடைக்குப் போகவே மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். போவார். ஆனால் போகும்போது பையில் இருப்பது வேறு தொகை.

எல்லாப் பெண்களாலும் துறைமுகத்துக்குப் போக முடியாது. கடல்பாசி எடுக்கப் போனவள் பத்தரைக்கு வர முடியாது, நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிறவள் வர முடியாது, மீன் சட்டி தூக்கி ராமநாதபுரம் சந்தைக்குப் போனவள் சாயங்காலம்தான் பஸ்ஸில் திரும்புவாள். என் கணக்குப் புத்தகத்தில் அரைத் தவணை, பாக்கி என்று எழுதுகிற பெயர்கள் பெரும்பாலும் இவர்களுடையவைதான். அதுவும் காசு வந்த நாளிலேயே பாக்கி விழும். வெளியூர் அதிகாரிகள் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள், எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இப்போது மனுவைப் பாருங்கள். கடையை எட்டுக்கு மூடினால் இந்தப் பகல் 12 மணியில் என்ன மாறும்? ஒன்றும் மாறாது. பன்னிரண்டுக்கு உட்கார்ந்தவர் மூன்று மணிக்கே பாதையில் விழுந்து கிடப்பார். அவருக்கு எட்டும் ஒன்றுதான், பத்தும் ஒன்றுதான்.

சீக்கிரம் மூடுவதால் வரும் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் 1916-இல் மதுக்கூடங்களை மாலை 6 மணிக்கே மூடச் சட்டம் போட்டார்கள், அடுத்த ஆண்டு நியூசிலாந்தும் போட்டது. வேலை ஐந்துக்கு விடும், கடை ஆறுக்கு மூடும். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஊற்றிக்கொள்ள முடியுமோ அவ்வளவையும் அவசரமாக ஊற்றிக்கொண்டு மொத்த ஊரும் ஒரே நேரத்தில் தள்ளாடி வீட்டுக்குப் போனது. நியூ சவுத் வேல்ஸ் 1955-இல் அதைக் கைவிட்டது, விக்டோரியா 1966-இல், நியூசிலாந்து 1967-இல்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நாமே பார்த்திருக்கிறோம். கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கில் 2021 ஜூன் மாதம் கடைகளைத் திறந்தபோது நேரம் காலை 10 முதல் மாலை 5 வரை. பிற்பாடு எட்டு மணிவரை நீட்டினார்கள். அந்த ஐந்து மணிக் காலத்தில் எங்கள் பக்கம் குடி குறைந்ததா? காலையிலேயே வரிசை நின்றது. வாங்குகிறவர் தனக்கு ஒரு குவாட்டரோடு நிற்காமல், இருட்டிய பிறகு விற்பதற்கென்று நாலைந்து சேர்த்து வாங்கினார். ஆறு மணிக்குமேல் அதே சரக்கு பிளாக்கில், வேலிக்குப் பின்னால், கூடுதல் விலைக்குக் கிடைத்தது. குடிக்கிற அளவு அப்படியேதான் இருந்தது, வீட்டுக்காசு மட்டும் கூடுதலாகப் போனது.

பிளாக் விற்பனை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம் போன்ற நாட்களில் தமிழ்நாடு முழுக்கக் கடை மூடும்; நமக்கு அதற்குமேல் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் கடைசியில் பசும்பொன் குருபூஜை என்று கலெக்டர் உத்தரவில் சேர்த்து மூடுவார்கள். அமைதிக்காக மூடுவது, அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் மூடுவதற்கு முதல் நாள் சாயங்காலம் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். சாக்குப்பையோடு நிற்கிறவர் அவ்வளவையும் தானே குடிக்கப்போவதில்லை.

இதைச் சொன்னதும், கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும், கள்ளக்குறிச்சியைப் பார் என்று சிலர் கிளம்புவார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மக்கள் செத்தது, கடைகள் திறந்திருந்த காலத்தில்தான். குவாட்டருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் குறைந்த விலைப் பாக்கெட்டைத் தேடிப் போனார்கள். விஷத்தைக் காய்ச்சியவனைப் பிடிக்காமல் விட்டதுதான் அங்கே குற்றம். அந்தச் சாவுகளைக் காட்டி, ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக்கூடாது என்று பேசுவது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, திறக்கும் நேரத்தைத் தள்ளுவதற்கு முன்னுதாரணம் இருக்கிறதா? இருக்கிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போவதைப் பார்த்து, 1915-இல் இதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். காலையில் திறப்பதை அது நிறுத்தியது. மத்தியானம் இரண்டரை மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம், நடுவில் மூடல். குடிபோதை வழக்குகள் பெருமளவு குறைந்தன. பீரின் வீரியத்தைக் குறைத்ததும் வரியை ஏற்றியதும் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் அதற்குச் சேர்ந்த காரணங்கள். ஆனாலும் அந்தப் பிற்பகல் மூடல் பயனுள்ளது என்று கண்டதால், போர் முடிந்த பிறகும் இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது. ஆளின் வேலை நேரத்தையும் சம்பள நேரத்தையும் பார்த்துக் கடை நேரத்தை வைத்தார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

தமிழ்நாட்டிலேயே உண்டு. டாஸ்மாக் 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய நிறுவனம். சில்லறைக் கடைகளை நேரடியாக நடத்த ஆரம்பித்தது 2003 நவம்பர் கடைசியில். பல ஆண்டுகள் காலை 10 மணிக்கே கடை திறந்தது. 2016 மே 23-ஆம் தேதி மீண்டும் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, திறக்கும் நேரத்தை 12 மணிக்குத் தள்ளி, 500 கடைகளையும் மூடுவது. வருமானம் போய்விடும் என்று பயந்தவர்கள் உண்டு. 2015-16-இல் 25,800 கோடி ரூபாய்க்கு மேல் இருந்த டாஸ்மாக் வருவாய் அடுத்த ஆண்டு 26,900 கோடியைத் தாண்டியது. 2024-25-இல் 48,000 கோடிக்கும் மேல். விலையும் வரியும் ஏறியதால் கூடிய தொகை அது, குடி கூடியதா குறைந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம்: இரண்டு மணி நேரம் தள்ளித் திறந்ததால் அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை. பத்தைப் பன்னிரண்டு ஆக்கியவர்களிடம் பன்னிரண்டை நான்கு ஆக்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான்கு மணிக்குத் திறந்தால் அதே காசை நான்கு மணிக்குக் குடிக்கப்போகிறார்கள், இரவில் அடி அதிகமாகும், அதற்குப் பகலே மேல் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு அக்கா எழுந்து சொன்னார். நியாயமான பயம். குடித்தவன் கை வீட்டில்தான் ஓங்கும், அதுவும் பிள்ளைகள் இருக்கும் நேரத்தில். அதனால்தான் திறப்பதை மட்டும் தள்ளு, மூடுவதைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. நான்கு முதல் ஒன்பது என்று கேளுங்கள். பதினொன்றரைக்கும் நான்குக்கும் நடுவில் கிடைக்கும் அந்த நாலரை மணி நேரத்தில் மனுஷன் வீட்டுக்கு வருவான், சாப்பிடுவான், தூங்குவான், காசு வீட்டில் இறங்கும். தூங்கி எழுந்தவன் குடிக்கும் அளவும் தூங்காதவன் குடிக்கும் அளவும் ஒன்றில்லை என்பது எந்த மீனவன் வீட்டிலும் தெரியும். இரவில் ஒரு மணி நேரம் முன்னதாக மூடுவது கடை ஊழியர்களுக்கும் நல்லது. இருட்டில் வசூல் பணத்தோடு பைக்கில் போகிற விற்பனையாளர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ இடங்களில் வெட்டுப்பட்டிருக்கிறார்கள்; அவர்களும் யாரோ ஒருத்தியின் புருஷன்தான்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறவர்கள், ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் வலைக்கயிற்றைப் பிடிக்க முடிகிறவர்கள். இவர்களுக்கு நேரம் எதுவும் தடையில்லை, விடியற்காலையில் பிளாக் விற்பவனுக்கு நிலையான வாடிக்கை இவர்கள்தான். இவர்களைத் திடீரென்று நிறுத்தச் சொன்னால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. இது கெட்டபழக்கம் என்ற நிலையைத் தாண்டிய நோய். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், இதற்கு நல்ல சமயம். கடலுக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை, ஆளைப் பத்து நாள் படுக்க வைக்கலாம்.

மனுவுக்கு வருகிறேன். கடையின் நேரம் சென்னையில் முடிவாவது. பஞ்சாயத்துத் தீர்மானத்தால் மட்டும் மாறாது. ஆனாலும் தீர்மானம் வேண்டும், ஏனென்றால் கலெக்டர் மேலே எழுதும்போது கையில் இருக்க வேண்டிய தாள் அது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்துக்கு ஆறு முறை கூடும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் தவிர, மீனவர்களுக்கென்று கலெக்டர் தனியாகக் கூட்டம் நடத்துவார், அங்கேயும் கொடுங்கள். மீன்துறை அதிகாரிகளும் அங்கே இருப்பார்கள், படகு வரும் நேரத்துக்கு அவர்களே சாட்சி. "மது ஒழிக" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தக் கிழமை படகு வருகிறது, எத்தனை மணிக்குக் காசு கைக்கு வருகிறது, கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று மூன்று வரியில் எழுதுங்கள். கடை மூடிய பிறகும் திறக்கும் முன்பும் எந்த இடத்தில் சரக்கு விற்கிறது என்பதைத் தனித்தாளில் எழுதி மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்குக் கொடுங்கள். கையெழுத்து மனுவோடு அதைச் சேர்த்தால், விற்பவன் கையில் உங்கள் பெயர்ப்பட்டியல் போய்ச்சேரும். ஊரில் வழிபாட்டுத் தலமோ பள்ளியோ கடைக்கு 100 மீட்டருக்குள் இருந்தால் (நகராட்சி என்றால் 50 மீட்டர்) அதை அளந்து குறிப்பிடுங்கள், அது 2003-ஆம் ஆண்டு விதியிலேயே உள்ள தடை.

உத்தரவு வருவதற்கு முன்னால் ஊரே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சம்மாட்டிகளிடம் பேசுங்கள். கணக்கைக் காலையில் முடிக்கட்டும், பங்கைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஆள் தூங்கி எழுந்த பிறகு, வீட்டுக்காரியும் வரக்கூடிய நேரத்தில் கொடுக்கட்டும். அல்லது பாதியை அவள் வங்கிக் கணக்கில் போடட்டும். ஆள் கிடைக்காமல் போய்விடும் என்று சம்மாட்டி தயங்குவார், ஒரு படகு மட்டும் செய்தால் அப்படித்தான் ஆகும். அதனால் சங்கத்தில் வைத்து எல்லாப் படகுக்கும் ஒரே நாளில் பேசி முடிக்க வேண்டும். தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் முதல் படகு போவதற்கு முன்னால் பேசுவதுதான் வசதி, அப்போதுதான் வருடத்துக்கான ஆள் பேச்சும் முன்பணப் பேச்சும் நடக்கும், அதோடு இதையும் சேர்த்துவிடலாம்.